ஓடும் வண்டியிலிருந்து குதித்த பெண்

பதினேழு வயதுப் பிள்ளையொன்று உள்ள வீட்டில் நாள்தோறும் ஒரு சிறு பாரதப் போர் நடக்கும் என்று எமது நண்பரான ஆசிரியரொருவர் கூறுவதுண்டு. அவருக்குப் பெண்மக்கள் மூவர். ஆதலின் அநுபவத்தாற் கூறுகிறார் என்றே கொள்ளல் வேண்டும். போருக்குரிய காரணம் பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருக்கும். குளித்துவிட்டு வந்த பிள்ளை ஒரு துவாய்க்குப் பதிலாக இரண்டு துவாய்களை நனைத்துவிட்டது என்பதே போதும். அங்கிருந்து தொடங்கும் வழக்கு, குடும்பத்தின் வரவு செலவு, பிள்ளையின் எதிர்காலம், பெற்றோரின் தியாகம் என்று வளர்ந்து, ஈற்றில் அறைக் கதவு படாரென்று சாத்தப்படுவதோடு முடியும்.

அத்தகையதொரு வீட்டின் கதையைக் கூறும் படமொன்றை அண்மையில் மீண்டும் ஒரு முறை பார்த்தோம். அந்த இரண்டு துவாய்களும் அப்படத்திலே வருகின்றன. ‘லேடி பேர்ட்’ என்பது அதன் பெயர். 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கப் படம். எழுதி நெறிப்படுத்தியவர் கிறெற்றா கேர்விக் என்னும் பெண்மணி. தனியொருவராக அவர் நெறிப்படுத்திய முதற் படமும் இதுவேயாம். ஐந்து துறைகளில் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட இப்படம் அவற்றில் ஒன்றையேனும் பெறவில்லை. ஆயினும், சிறந்த நெறியாளருக்கான அப்பரிசுக்கு முன்மொழியப்பட்ட பெண்களில் கேர்விக் ஐந்தாமவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கதை நிகழும் இடம் கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகராகிய சாக்கிரமென்ரோ. காலம் 2002 ஆம் ஆண்டின் இலையுதிர் பருவம் முதல் அடுத்த ஆண்டு வரை. கத்தோலிக்கரின் நற்கருணையை நினைந்து ஸ்பானியர் அங்குள்ள ஆற்றுக்கு இட்ட பெயரே பின்னர் அந்நகருக்கும் ஆயிற்று. கேர்விக் 1983 ஆம் ஆண்டில் அந்நகரிலே பிறந்து, அங்குள்ள கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலையிற் படித்தவர். அவருடைய தாயாரும் படத்தில் வரும் தாயைப் போன்று ஒரு தாதியே. எனினும் படத்தில் நிகழ்வன யாவும் தம் வாழ்வில் அப்படியே நிகழ்ந்தவையல்ல என்று அவர் தெளிவாகக் கூறியிருக்கிறார்.

கதைத் தலைவியின் பெயர் கிறிஸ்ரீன். பெற்றோர் இட்ட அப்பெயரை அவள் ஏற்பதில்லை. ‘லேடி பேர்ட்’ என்று தனக்குத் தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு, வீட்டாரும் ஆசிரியரும் தன்னை அப்படியே அழைக்க வேண்டுமென வற்புறுத்துகிறாள். இப்பாத்திரத்தில் நடித்தவர் சேர்ஷா றோனன். தாய் மரியனாக லோறி மெற்காவ் நடித்திருக்கிறார். மனநோயாளர் வைத்தியசாலையிலே இரட்டை முறை வேலை செய்யும் தாதி அவர். தந்தைக்கு வேலை போய்விடுகிறது. மகளைக் கத்தோலிக்கப் பாடசாலைக்கு அனுப்பியது பக்தியினால் மட்டுமன்று. அரசினர் பாடசாலையில் தன் மகன் கண்ட வன்முறையை எண்ணித் தாய் கொண்ட அச்சமும் அதற்குக் காரணம்.

படத்தின் தொடக்கத்தைக் கூறினாற் போதும், முழுவதும் விளங்கிவிடும். பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டுத் தாயும் மகளும் காரிலே வீடு திரும்புகின்றனர். ஜோன் ஸ்ரைன்பெக்கின் புகழ்பெற்ற நாவலொன்றை ஒலிநாடாவிற் கேட்டுக்கொண்டு வருகின்றனர். கதை முடிகிறது, இருவர் கண்களிலும் ஒருங்கே நீர். இருவர் உள்ளமும் ஒரே உள்ளமாக இருக்கும் அக்கணம் ஒரு நிமிடங்கூட நீடிக்கவில்லை. மகள் வானொலியை இயக்கக் கை நீட்டுகிறாள். தாய் சற்றே அமைதியாக இருப்போமே என்கிறாள். சொல்லுக்குச் சொல் ஏறுகிறது. தொலைவிலுள்ள நியூ யோர்க்குக்குச் சென்று படிக்க வேண்டும் என்கிறாள் மகள். அதற்குரிய பணமும் இல்லை, அதற்குரிய முயற்சியும் உன்னிடம் இல்லை என்று தாய் அடுக்கிக்கொண்டே போகிறாள். மகள் கதவைத் திறந்து ஓடும் வண்டியிலிருந்து வெளியே குதித்துவிடுகிறாள்! அடுத்த காட்சியில் அவள் கையிலே மாக்கட்டு.

பார்ப்போர் சிரிக்கின்றனர், நாமும் சிரித்தோம். ஆயினும் சிரித்து முடிந்தபின் ஒன்று தோன்றியது. அந்தத் தாய் கூறியவற்றுள் பொய் ஒன்றுமில்லை. பணம் இல்லை என்பது மெய். மகளின் புள்ளிகள் போதா என்பதும் மெய். மெய்யையே இடைவிடாது கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு பிள்ளைக்குத் தாங்கவொண்ணாத பாரமாகலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, பாடசாலையைப் பார்ப்போம். கத்தோலிக்க மடத்துப் பள்ளியும் அடங்காத மாணவியரும் என்பது ஹொலிவூட் படவுலகுக்குப் புதிய பொருளன்று. 1966 ஆம் ஆண்டில் ஐடா லூபினோ என்னும் பெண் நெறியாளர் ‘த ரபிள் வித் ஏஞ்சல்ஸ்’ என்ற படத்தை ஆக்கினார். ஹெய்லி மில்ஸ் நடித்த குறும்புக்காரி, கன்னியாஸ்திரிகளின் சீனிக் கிண்ணங்களிலே சவர்க்காரத் தூளை இட்டு வைப்பாள். நிலவறையிற் புகை பிடித்துத் தீயணைப்புப் படையினரை வரவழைப்பாள். அவளுக்கு ஈடு கொடுக்கும் மடத்துத் தலைவியாக றோசலின்ட் றசல் நடித்தார். ஈற்றில் அக்குறும்புக்காரியே துறவு பூண்டு மடத்திலே தங்கிவிடத் தீர்மானிக்கிறாள். பார்த்தோர் பலரும் எதிர்பாராத முடிவு அது.

‘லேடி பேர்ட்’ படத்தின் நாயகியும் அவள் வழியில் வந்தவளே. இன்னும் அர்ச்சிக்கப்படாத அப்பங்களைத் தோழி ஜூலியோடு சேர்ந்து பலகாரம்போற் கொறிக்கிறாள். கணித ஆசிரியரின் புள்ளிப் புத்தகத்தைக் களவாடி எறிந்துவிட்டு, அவர் மாணாக்கரின் நேர்மையை நம்பிப் புள்ளிகளைக் கேட்கும்போது தன் புள்ளியைக் கூட்டிச் சொல்கிறாள். உரையாற்ற வந்த பெண்மணியொருவரிடம் துடுக்காகப் பேசிப் பாடசாலையிலிருந்து சில காலம் விலக்கப்படுகிறாள். செல்வச் செழிப்புள்ள மாணவியொருத்தியின் நட்பைப் பெறுவதற்காக ஜூலியைக் கைவிடுகிறாள். தான் வாழும் வீட்டைச் சொல்ல நாணி, வேறொருவருடைய பெரிய வீட்டைத் தன் வீடென்று சொல்கிறாள். இவற்றை நெறியாளர் மறைக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. இளமையின் குறும்புக்கும் கொடுமைக்கும் இடையிலுள்ள எல்லை மெல்லியது என்பதை நாம் காணும்படி விட்டுவிடுகிறார்.

இவள் செய்யும் குறும்புகளுள் ஒன்று அதிபராகிய சகோதரி சேரா ஜோன் அவர்களைப் பற்றியது. மணமக்கள் செல்லும் வண்டியின் பின்புறத்தை அலங்கரித்து, இப்போதுதான் மணம் முடிந்தது என்று எழுதித் தொங்கவிடுவது மேனாட்டார் வழக்கம். லேடி பேர்ட் அக்கன்னியாஸ்திரியின் காரை அவ்வாறே அலங்கரித்து, யேசுவை மணந்தவர் என்று எழுதிவிடுகிறாள். அதனை அறியாத முதிய சகோதரியார் வீதியெல்லாம் வண்டியைச் செலுத்திச் செல்கிறார். பின்னர் மாணவியை அழைத்து விசாரிக்கும்போது அவர் முகத்திற் கடுமை இல்லை. தமக்கு மணம் இப்போதுதான் நடந்ததென்பது பிழை, நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று திருத்துகிறார்! மூத்த நடிகையாகிய லொயிஸ் சிமித் இக்காட்சியில் நடித்திருக்கும் அழகு மறக்கவொண்ணாதது.

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் எமக்கு அந்தக் காட்சி ஒரு பாடமாயிற்று. குறும்பு செய்த பிள்ளைக்குத் தண்டனை அளிப்பது எளிது. அப்பிள்ளையின் அறிவுக்கூர்மையைக் கண்டு உள்ளூர மகிழ்வதும் அரிதன்று. நாம் பலமுறை மகிழ்ந்திருக்கிறோம், ஓய்வறையிற் சென்று சக ஆசிரியருடன் சிரித்துமிருக்கிறோம். ஆனால் அம்மகிழ்ச்சியை அப்பிள்ளையே காணும்படி காட்டுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு சேரா ஜோன் அவர்களிடம் இருக்கிறது.

படத்தின் உயிர்நிலை என நாம் கருதும் காட்சியும் அவருடைய அறையிலேயே நிகழ்கிறது. பல்கலைக்கழக அநுமதிக்காக லேடி பேர்ட் எழுதிய கட்டுரையை அவர் வாசித்திருக்கிறார். நீ சாக்கிரமென்ரோவை மிகவும் நேசிக்கிறாய் என்பது தெரிகிறது என்கிறார். மாணவி திகைக்கிறாள். அந்த நகரை விட்டு எப்போது ஓடிப்போகலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவள் அன்றோ அவள்! தான் அதனை வருணித்ததாகவும், கவனித்துப் பார்த்ததாகவும் மட்டுமே சொல்கிறாள். அன்பு செலுத்துவதும் கவனம் செலுத்துவதும் ஒன்றேயாக இருக்கலாம் அல்லவா என்று சகோதரியார் அமைதியாகக் கேட்கிறார். அவ்வளவுதான். உபதேசம் இல்லை, பின்னணியில் உருக்கமான சங்கீதமும் இல்லை.

அந்த வினாவைக் கையிலே பிடித்துக்கொண்டு படத்தை மீண்டும் பார்த்தால், கடுஞ்சொற் பேசும் தாயின் உருவம் மாறிவிடுகிறது. மகளின் பிழைகளை அவள் அறிவதுபோல் வேறெவரும் அறியார். ஏனெனில் வேறெவரும் மகளை அவ்வளவு கவனிப்பதில்லை. பழைய உடுப்புக் கடையிலே இருவரும் சச்சரவிட்டுக்கொண்டு நிற்கும்போது, தொங்கும் சட்டைகளிடையே ஓர் அழகிய சட்டை தென்படுகிறது. அக்கணமே சச்சரவு மறந்து இருவரும் ஒரே குரலில் வியக்கின்றனர். வேலையிற் களைத்து வந்த தாய் இரவு நேரத்தில் இருந்து அந்தச் சட்டையை மகளின் உடலுக்கு ஏற்பத் தைக்கிறாள். மகள் அதனை எவ்வளவு தூரம் அறிந்தாளோ, யாம் அறியோம்.

மற்றுமொருநாள் உடுப்புக் கடையிலே மகள் ஒரு வினாவை எழுப்புகிறாள். அம்மா தன்மீது அன்புள்ளவள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்குமா? நீ எவ்வளவு சிறந்தவளாக இருக்க முடியுமோ அவ்வளவு சிறந்தவளாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம் என்று தாய் விடையளிக்கிறாள். நான் இப்போது இருப்பதே அந்த நிலையாக இருந்தால் என்ன செய்வது என்று மகள் திருப்பிக் கேட்கிறாள். தாயிடம் மறுமொழி இல்லை. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதனிலும் கடினமான வினாத்தாள் வேறில்லை.

வேறொரு சண்டையிலே, என்னை வளர்க்க எவ்வளவு செலவாயிற்று, கணக்கைச் சொல்லுங்கள், உழைத்துத் தந்துவிடுகிறேன் என்று மகள் எழுதுகோலோடு நிற்கிறாள். அத்துணைப் பெரிய உத்தியோகம் உனக்குக் கிடைக்கும் என்று நான் எண்ணவில்லை என்று தாய் சொல்லிவிடுகிறாள். இரு பக்கத்துச் சொற்களும் கூரிய அம்புகளே. வறுமை, வீட்டிலே உணவைக் குறைப்பதற்கு முன்னர் நாவின் இனிமையைக் குறைத்துவிடுகிறது என்பதை இப்படம் பல இடங்களில் உணர்த்துகிறது.

தந்தையின் உதவியோடு தாய்க்குத் தெரியாமல் விண்ணப்பித்த மகளுக்கு நியூ யோர்க்கில் இடம் கிடைத்துவிடுகிறது. மறைத்ததை அறிந்த தாய் பேச்சை நிறுத்திவிடுகிறாள். விமான நிலையத்திலும் காரை விட்டு இறங்க மறுக்கிறாள். மகள் உள்ளே சென்றபின் வண்டியைச் செலுத்திக்கொண்டு போகும் அவள் முகத்தையே படப்பிடிப்புக் கருவி பார்த்துக்கொண்டிருக்கிறது. பிடிவாதம் சிறிது சிறிதாக உடைந்து அழுகையாகிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ஓடிச் சென்று பார்க்கிறாள், மகள் போய்விட்டாள். தந்தையே அங்கு நிற்கிறார்.

நியூ யோர்க் சென்ற மகள் தன் பெட்டியைத் திறக்கும்போது கசங்கிய மஞ்சட் தாள்கள் சில கிடைக்கின்றன. அவை தாய் எழுதத் தொடங்கி, முடிக்காமற் கசக்கி எறிந்த கடிதங்கள். தந்தை அவற்றைக் குப்பையிலிருந்து பொறுக்கியெடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவள் ஏன் அவற்றை அனுப்பவில்லை? எழுத்திலே பிழைகள் இருக்கும், படித்த மகள் தன் எழுத்தைக் குறைவாக எண்ணிவிடுவாள் என்ற அச்சம். நாள்தோறும் மகளைத் திருத்திய தாய், மகளின் திருத்தத்துக்கு அஞ்சியிருக்கிறாள்!

முடிவில், ஞாயிற்றுக்கிழமை காலையொன்றிலே, நியூ யோர்க் வீதியில் தனியே நடக்கும் அப்பெண் தேவாலயமொன்றினுள் நுழைந்து பாடல் கேட்கிறாள். வெளியே வந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறாள்; எவரும் எடுக்காமையால் செய்தியொன்றை விட்டு வைக்கிறாள். அச்செய்தியில் தன்னைக் கிறிஸ்ரீன் என்றே குறிப்பிடுகிறாள். முதன்முறை சாக்கிரமென்ரோவிலே தானே கார் ஓட்டிச் சென்றபோது ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு கடையும் தன் நெஞ்சை எவ்வாறு தொட்டன என்று தாய்க்குச் சொல்கிறாள். 1966 ஆம் ஆண்டுப் படத்தின் நாயகியைப் போல் இவள் மடத்திற் சேரவில்லை. பெற்றோர் கொடுத்த பெயரை மீண்டும் ஏற்றுக்கொள்கிறாள். அது போதுமென நெறியாளர் நிறுத்திவிடுகிறார்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. இப்படம் இளம் பிள்ளைகளுடன் கூடியிருந்து பார்க்கத்தக்கதன்று. கொச்சைச் சொற்களும் காதற் காட்சிகளும் மதுவும் இதிலுண்டு. பெற்றோர் முதலிற் பார்த்துவிட்டு, பல்கலைக்கழக வாசலில் நிற்கும் வளர்ந்த மக்களுக்குக் காட்டலாமா என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளல் நன்று.

இனி, எம்மைப் பற்றிய ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். 2011 ஆம் ஆண்டளவில், பதினோராம் வகுப்பு மாணவர்க்கு ‘எமது கிராமம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தோம். எல்லாரும் பச்சைப் பசேலென்ற வயல்களையும் வானளாவும் கோபுரத்தையும் எழுதினர். ஒருவன் மட்டும் வேறாக எழுதினான். பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை என்றும், கோயில் மணியில் வெடிப்பு இருப்பதால் அதன் நாதம் பாதியிலே நின்றுவிடும் என்றும், மாரி காலத்தில் வாசிகசாலைக்குப் போகும் ஒழுங்கையில் எந்த இடத்திற் கல் வைத்து மிதிக்க வேண்டும் என்றும், அங்கே ஒரே பத்திரிகையை வாசித்து மூன்று முதியவர்கள் மூன்று விதமாகச் சண்டையிடுவர் என்றும் நான்கு பக்கங்களுக்கு எழுதியிருந்தான். இந்த ஊரை விட்டுப் போவதே தன் இலட்சியம் என்று முடித்திருந்தான்.

நாம் சிவப்பு மையினால், பிறந்த மண்ணைப் பழித்தல் தகாது என்று எழுதிப் பத்துக்கு நான்கு புள்ளிகள் இட்டோம். அவன் ஒன்றும் பேசாது கொப்பியை வாங்கிக்கொண்டு போனான். அதன் பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் எழுதிய கட்டுரைகளிலெல்லாம் வயல்கள் பச்சைப் பசேலென்றிருந்தன. கோபுரம் வானளாவி நின்றது. நாமும் ஏழு, எட்டு என்று புள்ளிகள் இட்டு வந்தோம். அவன் திருந்திவிட்டான் என்று மகிழ்ந்தோம்.

அந்த வயல்களையும் கோபுரத்தையும் எழுதிய மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் எமக்கு நினைவில் இல்லை. வெடித்த மணியின் ஓசை மட்டும் இன்றும் செவியிற் கேட்கிறது. ஊரை அவ்வளவு நுணுகிப் பார்த்தவன் அதனை வெறுத்திருக்க முடியுமா என்று கேட்க எமக்கு அன்று தோன்றவில்லை. அந்தக் கன்னியாஸ்திரியார் ஒரு கட்டுரையில் கண்டதை நாம் காணத் தவறினோம்.

அவன் இப்போது தூர தேசமொன்றில் இருப்பதாகக் கேள்வி. முகவரி எம்மிடம் இல்லை. இப்பத்திரிகை அங்கேயும் சிலரால் வாசிக்கப்படுகின்றது என்பர். அவன் கண்ணில் இப்பத்தி பட்டால், அன்று பிடித்து வைத்த ஆறு புள்ளிகளையும் இவ்விடத்திலே கொடுத்துவிட்டோம் என்று அறிந்துகொள்வானாக.